நம் ஸ்டேஷனில் நீ கொடுக்காத புகார்

இன்று காலை உன் மகள் வாசற்படியில் உட்கார்ந்து ஸ்கூல் ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தாள். அந்த வாசனை அடுப்படி வரைக்கும் வந்தது. தோசை கருகுவது தெரியாமல் நின்றுவிட்டேன். போலீஸ் குவார்ட்டர்ஸில் பரேடு நாள் காலையில் நாம் இரண்டு பேரும் ஒரே பாலிஷ் டப்பாவுக்கு அடித்துக்கொண்டது ஞாபகம் வந்தது. நீ எச்சில் துப்பித் தேய்ப்பாய், நான் கத்துவேன். "பளபளன்னு இருந்தாதான்டி ஒதைக்கவே மனசு வரும்" என்பாய். சிரிப்பு வந்தது. கூடவே ஆத்திரமும் வந்தது. செத்துப்போனவளோடு சண்டை போட முடியாது என்று யார் சொன்னது? போடத்தான் இதை எழுதுகிறேன்.

உனக்கும் எனக்கும் ஒரே பேட்ச். ஒன்றாகவே ஏட்டு ஆனோம், கடைசியில் ஒரே மகளிர் ஸ்டேஷனுக்கு வந்து சேர்ந்தோம். அங்கே நம் வேலைமுறை எப்போதும் ஒன்றுதான். அடி வாங்கிய மனைவி அழுதுகொண்டு வருவாள். புருஷனுக்கு ஆள் அனுப்புவோம். பின்னறையில் நீ அவனைக் கவனிப்பாய். முன்னறையில் நான் அவளுக்கு டீ வாங்கிக் கொடுத்து, பிள்ளைகள் முகத்தைப் பாரும்மா என்று பேசுவேன். அப்புறம் இரண்டு பேரையும் ஒரே பெஞ்சில் உட்காரவைத்து, சமாதானமாகப் போகிறோம் என்று கையெழுத்து வாங்கி அனுப்பிவிடுவோம். அவர்கள் படி இறங்கிப் போவதைப் பார்த்துக்கொண்டே, "நான் குடுத்தது ஆறு மாசம் தாங்கும்டி. அப்பறம் வந்தான்னா திரும்பக் குடுப்போம்" என்பாய். நீ ஓங்கினால் எருமை மாதிரி இருப்பவன்கூடக் காலில் விழுவான். அப்பேர்ப்பட்ட கையை வைத்துக்கொண்டுதான் நீ வீட்டில் அடி வாங்கினாய்.

எனக்குத் தெரியாமல் இல்லை. கன்னம் வீங்கி வந்து பல்வலி என்றாய். தினமும் பத்துப் பெண்களிடம் பல்வலி கேட்கிறவளிடமா அந்தக் கதை? கதவைச் சாத்திவிட்டுக் கேட்டேன். புகார் கொடு என்றேன். "எந்த ஸ்டேஷன்ல போயி குடுக்க? நம்ம ஸ்டேஷன்லயா? என்னையும் அந்த ஆளையும் பெஞ்சுல உக்கார வெச்சி, நீ டீ வாங்கிக் குடுப்பியா?" என்றாய். உன் புருஷன் காலை உடைக்கிறேன் என்று கிளம்பினேன். பாப்பா பிளஸ் டூ முடிக்கட்டும் என்று என் கையைப் பிடித்து நிறுத்தினாய். நிறுத்தியிருக்கக் கூடாதுடி நீ.

நீ செத்த அன்று சாயங்காலம் டூட்டி முடிந்து வீட்டுக்குப் போனவள் காக்கியைக்கூடக் கழற்றவில்லை. சோற்றுக்கு நேரமாகிவிட்டது என்று ஆரம்பித்தானாம். அம்மிக்குழவியை எடுத்திருக்கிறான். ஒரு அடியோடு நிறுத்தவில்லை. கதவோரம் நின்று பாப்பா முழுவதையும் பார்த்திருக்கிறாள். நான் போனபோது நீ அடுப்படித் தரையில் கிடந்தாய். காக்கியில் இரத்தம் கறுப்பாகத்தான் தெரியும் என்பது அத்தனை வருஷ சர்வீஸில் அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

அவனை அந்த ஏரியா ஸ்டேஷனில் உட்காரவைத்திருந்தார்கள். நேராகப் போய்க் கழுத்தைப் பிடித்தேன். நாலு பேர் சேர்ந்துதான் என் விரல்களைப் பிரித்தார்கள். அவன் கண் பிதுங்கியதைப் பார்த்து எனக்குச் சந்தோஷமாக இருந்தது, மறைப்பானேன். "நீங்க கைய வெச்சா கேஸு நிக்காது ஏட்டம்மா" என்றார் அங்கே கேஸ் எழுதும் ரைட்டர். அவர் சொன்னது சரி. சரியாகச் சொன்னதற்காகவே அவர் மேலும் எனக்குக் கோபம் வந்தது.

உன் காரியமெல்லாம் முடிந்து வேலைக்குத் திரும்பினேன். உதடு கிழிந்த ஒரு பெண் வந்திருந்தாள். பேசி அனுப்புங்க என்று வழக்கம்போல மேலிடத்திலிருந்து சொன்னார்கள். டீ வாங்கப் போனேன். கடைக்காரர் கிளாஸைக் கையில் கொடுத்ததும் நீ கேட்ட கேள்விதான் காதில் விழுந்தது. கிளாஸைச் சுவரில் அடித்தேன். திரும்பி வந்து விருப்ப ஓய்வுக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். இன்னும் எத்தனையோ வருஷம் சர்வீஸ் இருக்கிறது, பைத்தியமா பிடித்திருக்கிறது என்றார்கள். ஆமாம் என்றேன்.

விருத்தாசலத்தில் தம்பி வீட்டு மாடிக்கு வந்துவிட்டேன். உன் அண்ணனிடம் கேட்டுப் பாப்பாவையும் கூட்டிவந்து இங்கேயே ஸ்கூலில் சேர்த்தேன். ஓய்வு என்றால் சும்மா இருப்பது என்று நினைத்திருந்தேன். அது எவ்வளவு பெரிய வேலை என்று யாரும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து ஃபாதர் கூப்பிட்டு, பாட்டுக் குழுவில் சேருங்கள், மனசுக்கு நல்லது என்றார். இந்தத் தொண்டையா பாடும்? ரேஷன் கடையில் வரிசை கலைந்தால் வாய் தானாக 'ஏய்' என்று அதட்டுகிறது. ஒருத்தரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. பஸ் ஸ்டாண்டில் ஓர் ஆட்டோக்காரன் வயசான அம்மாவை இடித்துத் தள்ளிவிட்டுப் போகப் பார்த்தான். மறித்து நின்று லைசென்ஸை எடு என்றேன். நீ யாரும்மா என்றான். நியாயமான கேள்விதான், ஆனால் அதற்குள் அறைந்துவிட்டேன். கூட்டம் கூடிவிட்டது. தம்பி வந்து சமாதானம் பேசித்தான் என்னை மீட்டுக்கொண்டு போனான்.

தம்பிக்குப் பீங்கான் தொழிற்பேட்டையில் ஒரு ஷெட் இருக்கிறது. கரண்ட் ஃபியூஸ் மாட்டும் பீங்கான் கேரியர் செய்கிறார்கள். சூளையிலிருந்து வந்ததை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்ப்பார்கள். கணீரென்றால் நல்லது, மொத்தென்று கேட்டால் உள்ளே கீறல். கீறல் விழுந்ததை அப்படியே கொட்டிவைத்தால் எவனாவது பொறுக்கிக்கொண்டு போய் விற்றுவிடுவான், யார் வீட்டிலாவது தீப்பிடிக்கும். அதனால் உடைத்துத்தான் போடவேண்டும். கை துறுதுறுன்னா இங்க வந்து ஒடை என்று சுத்தியலைக் கொடுத்தான் தம்பி. உட்கார்ந்தேன். ஒவ்வொன்றும் உன் புருஷன் மண்டை. சில நாள் உன் மண்டையும்தான். புகார் கொடுக்க மாட்டேன் என்ற மண்டை. சில்லு தெறித்துப் புருவம் கிழிந்தது. பிளாஸ்திரி போட்டுக்கொண்டு மறுநாளும் போனேன். தோள்பட்டை விட்டுப்போகும், படுத்ததும் தூக்கம் வரும். தேறிவிட்டேன் என்று நினைத்தேன்.

இதற்குள் அவன் ஜாமீனில் வெளியே வந்துவிட்டான். பின்னாலேயே பெண்ணாடத்திலிருந்து உன் அண்ணன் வந்தார். மில்லில் கரும்பு இறக்கிவிட்டு நேராக வந்திருந்தார், வேட்டியெல்லாம் புழுதி. பாப்பா பார்த்ததைச் சொன்னால்தான் கேஸ் நிற்கும் என்பது அவருக்கும் தெரியும். நீ செத்துக் கிடந்த அந்த வீட்டை அவள் பேருக்கு எழுதித் தருகிறானாம். நான் எதையும் பார்க்கவில்லை என்று அவள் கோர்ட்டில் சொன்னால் போதுமாம். "தங்கச்சிதான் போயிட்டா. அப்பனும் உள்ள போயிட்டா நாளைக்கு இவ கல்யாணத்துல யாருங்க வந்து நிப்பாங்க? பேசி முடிச்சிடுவோங்க" என்றார். அவர் கெட்டவர் இல்லை. சொல்லும்போதே அழுதார். நாம் பெஞ்சில் உட்காரவைத்துச் சொன்னதைத்தான் அவர் என் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து சொன்னார். சாட்சி அவள், அவளைக் கேளுங்கள் என்றேன். பாப்பா மாமாவுக்குச் சோறு போட்டுவிட்டுப் படிக்கப் போய்விட்டாள்.

போன வாரம் அவனே வந்தான். ஸ்கூல் விட்டதும் பாப்பா ஷெட்டுக்கு வருவாள், இரண்டு பேரும் சேர்ந்து வீட்டுக்குப் போவோம். அந்த நேரம் பார்த்து வந்திருக்கிறான். சாட்சியின் பக்கமே போகக் கூடாது என்பது ஜாமீன் கண்டிஷன். வெள்ளைச் சட்டை, நெற்றி நிறைய விபூதி, கையில் ஸ்வீட் பாக்கெட். பாப்பாவைப் பார்த்துச் சிரித்தான். வெளியே போடா என்றேன்.

"ஒனக்கு இப்ப என்ன பவர் இருக்குது? காக்கியக் கழட்டிட்டு பீங்கான் ஒடைக்கிறவதான நீ?" என்றான்.

எப்போது எழுந்தேன் என்று தெரியாது. சுத்தியல் தலைக்கு மேலே போயிருந்தது. அவன் மண்டையில் எந்த இடம் என்றுகூடப் பார்த்துவிட்டேன். அடித்திருப்பேன், சத்தியமாக அடித்திருப்பேன். அப்போது பக்கத்தில் தொப்பென்று ஸ்கூல் பை விழுந்தது. திரும்பினேன். பாப்பா தரையில் குந்தி, இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டிருந்தாள். விரல் இடுக்கு வழியாக அவள் பார்த்தது அவனை இல்லை. என் கையைப் பார்த்தாள். அவள் மேல் என் சுண்டுவிரல்கூடப் பட்டதில்லையடி. ஆனால் ஓங்கிய கை யாருடையது என்று அவள் உடம்பு பிரித்துப் பார்க்கவில்லை.

சுத்தியலைக் கீழே போட்டேன். தம்பியும் ஷெட் ஆட்களும் அவனை வெளியே தள்ளிக்கொண்டு போனார்கள். பாப்பா மெதுவாக எழுந்து, யூனிஃபார்மில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினாள்.

"நீங்க அவர அடிச்சிட்டீங்கன்னா, நான் கோர்ட்டுல யாரப் பத்திச் சொல்றது பெரியம்மா? வாங்க, கம்ப்ளைன்ட் குடுப்போம்" என்றாள்.

ஸ்டேஷன் மேசைக்கு இந்தப் பக்கம், புகார் கொடுக்க வந்தவள் இடத்தில் நான் உட்கார்ந்தது அன்றுதான் முதல் தடவை. அங்கிருந்த சின்ன வயசுப் போலீஸ்காரப் பெண்ணுக்கு நம் வயசில் பாதிதான் இருக்கும். பாப்பா முகத்தைப் பார்த்துவிட்டு, முதல்ல டீ சொல்லட்டுமா என்றாள். நல்ல பெண்தான். "வேணாங்க. எழுதிக்குங்க" என்றாள் உன் மகள். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். குழவிக்கல்லில் ஆரம்பித்து ஸ்வீட் பாக்கெட் வரைக்கும் சொன்னாள். நடுவில் எங்கேயும் நிறுத்தவில்லை. கோர்ட்டிலும் இதைத்தான் சொல்வேன் என்றாள். நான் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அத்தனை வருஷ வேலையில் அவ்வளவு கஷ்டமாக எதையும் செய்ததில்லை.

ஆத்திரம் போய்விட்டது என்று உனக்கு எழுத மாட்டேன். போகவில்லை. அவன் மேலும் இருக்கிறது, உன் மேலும் இருக்கிறது, காக்கியோடு கழன்றுவிடும் என்று நினைத்தது என் முட்டாள்தனம். ஆனால் வீட்டில் பாப்பா பக்கத்தில் நிற்கும்போது, மேல் பலகையிலிருந்து உப்பு டப்பாவை எடுக்க வேண்டுமென்றாலும் இப்போதெல்லாம் வாயால் சொல்கிறேன். "பாப்பா, கையத் தூக்கறேன்" என்கிறேன். முதல் நாள் இதற்கெல்லாமா சொல்வார்கள் என்று சிரித்தாள். அடுத்த நாள் சிரிக்கவில்லை. அவள் 'ம்' என்ற பிறகுதான் என் கை மேலே போகிறது.