ஏர் ஃபில்டர் பெட்டியில் ஒரு சிவப்பு முடிச்சு

ஜூன் 9, திங்கள்

வேலை முடிந்து வீட்டுக்கு வந்த பிறகும் ஒரு பஸ் ஹாரன் காதில் அடித்துக்கொண்டே இருக்கிறது. எழுதினால் நிற்கிறதா பார்க்கிறேன்.

காலையில் சிதம்பரம் போகும்போது, ஆலப்பாக்கம் தாண்டி ரோட்டின் ஒரு பக்கத்தை அடைத்து வண்டிகளை எதிரும் புதிருமாக விட்டிருந்தார்கள். முன்னால் வைக்கோல் ஏற்றிய டிராக்டர். எதிரே ரோடு காலி. முந்துவதற்கு ஏறினேன். பாதி டிராக்டரைத் தாண்டும்போது கார் இளைத்துவிட்டது. ஆக்சிலேட்டரை அமுக்க அமுக்க வேகம் குறைகிறது! எதிரே ஒரு தனியார் பஸ், ஹாரனிலிருந்து கையை எடுக்காமல் வருகிறது. ஏசுவே என்றுகூடச் சொல்ல வாய் வரவில்லை. பஸ்காரர் மண்ணில் இறக்கி ஓட்டியதால்தான் இதை எழுத நான் இருக்கிறேன்.

ஓரங்கட்டி நிறுத்தி அணைத்தேன். திரும்ப ஸ்டார்ட் செய்தால் சமர்த்தாக ஓடுகிறது. ஒன்றும் தெரியாத பாப்பா போட்டாளாம் தாழ்ப்பா.

நான் வேலை பார்க்கும் ஸ்கேன் சென்டரில் முதல் பேஷண்டின் பெயரையே தப்பாகப் பதிந்தேன்.

ஜூன் 10

என் கணவன் அன்புவிடம் சொன்னேன். நெய்வேலி ஷிப்ட் முடிந்து சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் கையை உதறிவிட்டு எழுந்துவிட்டான். "நாளையிலருந்து பஸ்ல போ. வண்டிய உடு" என்கிறான். எப்படி விடுவேன்? மே மாசம் முழுக்க ஒண்டியாக ஓட்டிப் பழகியிருக்கிறேன். யார் கையையும் எதிர்பார்க்காமல் நான் செய்கிற ஒரே காரியம் இதுதான்.

அத்தைதான் விசித்திரமாக இருந்தார். என் மாமியார் பட்டம்மாள் எதற்கும் அசராதவர். அரிசி புடைத்துக்கொண்டிருந்த முறத்தை மடியிலேயே வைத்துக்கொண்டு, "நின்னுடுச்சா? தானாவா நின்னுச்சு?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். பாவம், என்மேல் அவ்வளவு அக்கறை என்று நினைத்துக்கொண்டேன்.

ஜூன் 12

மெக்கானிக் பொன்னுரங்கம் வீட்டுக்கு வந்து பார்த்தார். நின்ற இடத்தில் இன்ஜின் தேன்மாதிரி ஓடியது. பெட்ரோலில் கோளாறாக இருக்கலாமாம். ஏர் ஃபில்டர்? "அத ஏப்ரல் கடைசியிலதானம்மா இங்கயே வெச்சி மாத்துனேன். மறுபடி இழுக்கலைன்னா வேற ஒண்ணு வாங்கிப் போட்டுடுங்க. நாலு கிளிப்பு, அவ்வளவுதான். அதுக்கு நான் எதுக்கு?"

ஜூன் 14

புதுச்சத்திரத்தில் மறுபடியும். நல்லவேளை, பின்னாலும் முன்னாலும் யாரும் இல்லை.

ஜூன் 15, ஞாயிறு

எங்கிருந்து ஆரம்பிப்பது?

சர்ச்சில் பூசை முடிந்து வரும்போதே புது ஃபில்டர் வாங்கி வந்தேன். வீடியோவை இரண்டு தடவை பார்த்துவிட்டு பானெட்டைத் தூக்கினேன். இன்ஜினுக்குக் காற்று போகிற கறுப்புப் பெட்டி. முன்பக்கம் இரண்டு, பக்கவாட்டில் ஒன்று, பின்னால் சந்தில் ஒன்று என்று கிளிப்புகள். பின்னால் இருந்தது தொட்டதுமே தெறித்துத் திறந்துகொண்டது. மூடியைத் தூக்கினேன்.

ஃபில்டருக்கு மேலே, இன்ஜினுக்குப் போகிற குழாய் வாயை ஒட்டி, ஒரு சிவப்புத் துணி முடிச்சு.

கோழிமுட்டையைவிடப் பெரியது. சிவப்புக் கயிற்றால் இறுக்கிச் சுற்றியிருந்தது. வேகம் கொடுக்கும்போதெல்லாம் காற்று இழுத்து அது குழாயை அடைத்திருக்கிறது. அணைத்ததும் கீழே விழுந்திருக்கிறது. அதனால்தான் நின்ற இடத்தில் ஒன்றும் தெரியவில்லை. இதெல்லாம் பிறகு யோசித்தது. அந்த நிமிஷம் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன்.

அத்தை காபியோடு வந்தார். முடிச்சைப் பார்த்தார். டம்ளர் கையிலிருந்து நழுவியது. அவர் முகத்திலேயே எல்லாம் தெரிந்துவிட்டது.

"இது என்ன அத்தை?"

அவர் டம்ளரை எடுக்கக் குனிந்தார்.

"யாரு வெச்சது?"

"நாந்தான் வெச்சேன்."

"எதுக்கு?"

"சொல்லக் கூடாதும்மா. சத்தியம் பண்ணியிருக்கேன்."

சத்தியமா? என்ன சத்தியம்? யாரிடம்? கத்தினேன். தெருவே கேட்கும்படி கத்தினேன். "எனக்கே சூனியம் வெச்சிட்டீங்களா? ஆறு வருஷமா உங்க கையால சோறு தின்னுருக்கேனே! செத்துப் போயிருப்பேன், தெரியுமா? எங்கப்பா அன்னிக்கே சொன்னாரு, நாந்தான் கேக்கல!"

அத்தை கீழே உட்கார்ந்து சிந்தின காபியை முந்தானையாலேயே துடைத்தார். முந்தானையால்!

அன்பு வந்தான். அம்மாவைக் கேட்டான், கெஞ்சினான், கடைசியில் அவனும் சத்தம் போட்டான். அவர் வாயைத் திறக்கவேயில்லை. முடிச்சைத் தொடக் கூடாது, பிரிக்கக் கூடாது என்று அன்பு என்னைத் தடுத்து, ஒரு குச்சியால் தள்ளி பெயின்ட் வாளியில் போட்டு, மதில் ஓரம் வைத்தான். அடுத்த ஞாயிறு லீவில் தேவனாம்பட்டினம் கடலில் போட்டுவிடுவானாம்.

அழுதுகொண்டே புது ஃபில்டரைப் போட்டேன். பின்பக்கத்துக் கிளிப்பு கைக்கு எட்டவேயில்லை. மூன்று மாட்டினால் போதும் என்று பானெட்டைச் சாத்தினேன்.

ஜூன் 16

அத்தை விடிந்ததும் கிள்ளைக்குப் போய்விட்டார், தங்கை விருத்தாம்பாள் வீட்டுக்கு. போகும்போது எனக்கு டிபன் பாக்ஸ் கட்டி வைத்திருந்தார். நான் சாப்பிடவில்லை. அப்படியே தெருநாய்க்குப் போட்டேன்.

ஜூன் 18

வண்டி குதிரை மாதிரி போகிறது. வீடுதான் ஓடவில்லை. அன்பு சாப்பிடுகிறான், படுக்கிறான், கேட்டால் "ம்" என்கிறான்.

எனக்கு இந்தச் சூனியம் கீனியத்தில் நம்பிக்கை இல்லை. ஜெபம் பண்ணுகிறவளுக்கு என்ன பயம்? ஆனாலும் துணி காயப்போட மதில் பக்கம் போகாமல் ஹாலிலேயே கொடி கட்டியிருக்கிறேன்.

ஜூன் 20, வெள்ளி

இது உண்மைதானா? இப்போதும் அந்த முடிச்சு என் எதிரில்தான் இருக்கிறது. பார்த்துப் பார்த்து எழுதுகிறேன்.

சாயங்காலம் நல்ல மழை. நின்றதும் எட்டிப் பார்த்தேன். வாளியில் தண்ணீர் நிரம்பி, முடிச்சு ஊறி, கயிறு தளர்ந்திருந்தது. துணி இடுக்கில் காய்ந்த ஓலை நுனி ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. சூனியக்காரன் ஓலையில்தான் பேர் எழுதுவான் என்பார்கள். என் பேரா? பார்த்தே தீர வேண்டும் என்று ஒரு வெறி. அடுப்படிக் கிடுக்கியை எடுத்து வந்து இழுத்தேன்.

சிலுவை வந்தது.

குருத்தோலை ஞாயிறுக்கு மடிக்கிற ஓலைச் சிலுவை. வாலை நடுவில் பிளந்து இரண்டு கால் மாதிரி விட்டிருந்தது. எங்கள் பங்குக் கோயிலிலேயே அப்படி மடிப்பவள் ஒருத்திதான். என் அம்மா.

கிடுக்கியைப் போட்டுவிட்டுக் கையாலேயே பிரித்தேன். சுருங்கிப்போன எலுமிச்சம்பழம், கனம் போய் இந்த மாசம்தான் காற்றில் எழும்பத் தொடங்கியிருக்கும். சிதம்பரம் கோயில் விபூதிப் பொட்டலம். எல்லாவற்றையும் சுற்றி, உள்துணியாக, வெள்ளை சாட்டின் துண்டு, ஓரத்தில் ஊசிப்பூ வேலை. என் புதுநன்மைக் கவுன், சின்ன வயதில் முதல்முதலாக நற்கருணை வாங்கிய நாளில் போட்டது. அம்மா தன் தையல் மிஷினில் தைத்தது. அதை நான் அம்மா வீட்டு பீரோவில் விட்டுவிட்டு வந்தேன்.

அன்புவைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து அம்மாவை நான் பார்த்ததில்லை. தினமும் சிதம்பரத்துக்கு வேலைக்குப் போகிறேன், ஆனால் அப்பா இருக்கும் அந்தத் தெருவுக்குள் வண்டியைத் திருப்பியதில்லை. அன்பு வீட்டாரோடு பேச்சு வைத்தால் நீயும் வெளியே போ என்று அப்பா அம்மாவிடம் சொன்னதாகக் கேள்வி.

அப்படியிருக்க அம்மாவின் சிலுவையும் அத்தையின் எலுமிச்சம்பழமும் ஒரே முடிச்சில் எப்படி?

ஐயோ. நான் என்னவெல்லாம் பேசினேன்!

ஜூன் 22, ஞாயிறு

அன்பு கடலுக்குப் போகவில்லை. இருவரும் கிள்ளைக்குப் போனோம். அத்தை வாசலில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தார். நான் ஒன்றும் கேட்கவில்லை. ஓலைச் சிலுவையை எடுத்துக் காட்டினேன்.

"பிரிச்சிட்டியா" என்றார். பிறகுதான் அழுதார்.

பிரதோஷத்துக்குப் பிரதோஷம் அத்தை சிதம்பரம் போவாரே, நாலு வருஷமாக அம்மாவை அங்கே பார்த்துக்கொண்டிருக்கிறார். கீழ கோபுரத்துக்கு வெளியே, செருப்பு விடுகிற இடத்தில். முதல் தடவை அம்மாவாகவே வந்து, "நீங்க ஜான்சி மாமியார்தானே? புள்ள ஒழுங்கா சாப்புடுதா?" என்று கேட்டாளாம். அப்பாவுக்குத் தெரிந்தால் வீட்டை விட்டு வெளியே விடமாட்டார், எனக்குத் தெரிந்தால் நேரே அந்த வீட்டுக்குப் போய் நின்று சண்டை வளர்ப்பேன். அதனால்தான் சத்தியம். என்னைச் சரியாகத்தான் தெரிந்து வைத்திருக்கிறார்கள்.

"நீ தனியா கார் ஓட்டப்போறேன்னதும் ரெண்டு பேருக்கும் தூக்கமே இல்ல. அவுங்க சிலுவ குடுத்தாங்க, நான் பழமும் துன்னூறும் வெச்சேன். கண்ணாடில மாட்டுனா நீ ஏன் எதுக்குன்னு கேப்ப. அந்தப் பொன்னுரங்கம் பெட்டியத் தொறந்தப்ப இது இன்னாப்பான்னு கேட்டேன். வண்டி மூச்சு உடற எடம்னாரு. சரி, மூச்சு போற எடத்துலயே காவல் இருக்கட்டும்னு, அவரு போனதும் நானே தொறந்து வெச்சிட்டேன்." மூக்கைச் சிந்தினார். "மூச்சையே அடச்சிட்டனே ஜான்சி. உன்னய நானே கொன்னுருப்பேனே."

பிறகு சொன்னதுதான் எனக்குப் பெரிய இடி. போன அக்டோபரில் கரு கலைந்து நான் படுத்துக் கிடந்தபோது, தினம் ஒரு தூக்கில் பூண்டுக் குழம்பு வரும். தங்கச்சி வெச்சது என்பார் அத்தை. என் அம்மா கை ருசி மாதிரியே இருக்கிறதே என்று நான் அன்றைக்கே அழுதேன். மாதிரி இல்லை. அம்மா வைத்ததுதான். அத்தை ரயிலேறிப் போய் வாங்கி வந்திருக்கிறார், ஒரு வாரம் முழுக்க.

நான் அவர் கட்டிக் கொடுத்த டிபனை நாய்க்குப் போட்டேன். அதையும் சொல்லிவிட்டேன். "இன்னா கட்டியிருந்தேன்?" என்று கேட்டார். பார்க்கவேயில்லை என்றேன். "புளிசாதம். நாய் தின்னிருக்காது" என்றார்.

ஜூன் 23

பிரதோஷம். பர்மிஷன் போட்டுவிட்டு அத்தையோடு கீழ கோபுரத்துக்குப் போனேன். அம்மா என்னைப் பார்த்ததும் ஓடி வரவில்லை. ஓடப் பார்த்தாள், எதிர்த் திசையில். அத்தைதான் கையைப் பிடித்து நிறுத்தினார். இவ்வளவு மெலிந்துவிட்டாளா?

கார் நின்றதைச் சொன்னதும் அம்மாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. "நம்ம வெச்சதாலயா?" என்று அத்தையைக் கேட்டாள். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள், பரீட்சையில் காப்பியடித்து மாட்டிக்கொண்ட பிள்ளைகள் மாதிரி.

ஜூன் 24

அம்மா, அம்மா, அம்மா.

ஜூலை 4

அம்மா போன் செய்தாள். தாங்க முடியாமல் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாளாம். கோபுரம், குழம்பு, முடிச்சு, பஸ். வெளியே போகச் சொன்னாரா என்றேன். இல்லையாம். இரண்டு நாளாகப் பேசவில்லை. இன்றைக்குத்தான் வாயைத் திறந்தாராம்.

"வண்டிய கொண்டாந்து காட்டச் சொல்றாருடி. உன்னய இல்லியாம். வண்டிய."

ஜூலை 6, ஞாயிறு

அத்தையை ஏற்றிக்கொண்டு போனேன். அன்பு வேண்டாம் என்று நானே சொல்லிவிட்டேன். ஒவ்வொன்றாக ஆகட்டும்.

அப்பா வாசலில் நின்றுகொண்டிருந்தார். முப்பது வருஷம் கவர்மென்ட் பஸ் ஓட்டிய ராபர்ட். தலை முழுக்க நரைத்துவிட்டது. என் முகத்தைப் பார்க்கவில்லை. பானெட்டை விரலால் தட்டினார். திறந்துவிட்டேன்.

டயரைப் பார்த்தார், ஆயில் பார்த்தார். கடைசியாகத்தான் அந்தக் கறுப்புப் பெட்டி. மூடியை ஒரு கையால் அசைத்தார். அது பின்பக்கம் லேசாகத் தூக்கிக்கொண்டது.

"மூணு கிளிப்பு போதும்னு யாரு சொன்னது?"

ஆறு வருஷம் கழித்து என்னிடம் பேசிய முதல் பேச்சு. கை எட்டல என்று எப்படியோ சொன்னேன்.

சட்டைக் கையை மடித்துக்கொண்டு சந்துக்குள் கையை விட்டார். முழங்கை வரை உள்ளே போனது. முகத்தைச் சுளித்தார். டக் என்று விழுந்தது. ஆட்டிப் பார்த்தார், ஆடவில்லை. கையெல்லாம் கறுப்பு.

யாரையும் பார்க்காமல் கைகழுவ உள்ளே போனார். கதவைச் சாத்தவில்லை. நான் நின்றுகொண்டே இருந்தேன். அத்தைதான் முதலில் செருப்பைக் கழற்றினார்.