காரணம் எழுத உட்கார்ந்தபோது

அன்பு மகளுக்கு,

செவ்வாயன்று, வீடில்லாதவர்களுக்காக எங்கள் சபை நடத்தும் ஆதரவு இல்லத்துச் சமையலறையில் இருந்தவர்கள் நான்கு பேர்: போதகர் ஹெட்லி, இல்லத்தை நடத்தும் ஃபிலிப்பா, அங்கே குடியிருக்கும் கோரி, கணக்குப் பார்க்கும் நான்.

புதுச் சட்டம் வந்தபின் காரணம் சொல்லாமல் யாரையும் காலி செய்யச் சொல்ல முடியாது. கோரியை அனுப்ப ஃபிலிப்பா ஒரு காரணம் எழுதினாள்: உதவி செய்ய இல்லத்து ஊழியர்கள் போனால் கதவைத் திறப்பதில்லை.

"எத்தனை மணிக்குப் போறாங்க?" என்று போதகர் கேட்டார்.

"காலையில ஒன்பதுக்கு."

"அட போங்கக்கா. ராத்திரி பூரா பேக்கரியில நிக்கிறவன் நான். ஒன்பது மணிக்கு ராஜாவே வந்து தட்டினாலும் எழுந்திருக்க மாட்டேன்" என்றான் கோரி.

ஃபிலிப்பாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அவள் கவலையும் நியாயம்தான். ஒருவர் நகர்ந்தால்தான் காத்திருக்கும் அடுத்தவருக்கு இடம். ஆனாலும் எழுதியதை அடித்துவிட்டாள். ஊழியர்கள் இனி மாலையில் போவார்களாம்.

இந்தச் சட்டம் வருமுன், நீ இருந்த வேறோர் இல்லத்திலிருந்து உன்னை அனுப்பியபோது ஒரு வரிக் காரணமும் தரவில்லை. நீ உன்னையே குறை சொல்லிக்கொண்டாய். இப்போது யார் வீட்டு சோபாவில் தூங்குகிறாய் என்று நான் கேட்கவில்லை. கர்த்தரிடம் மட்டும் கேட்கிறேன்.

இங்கே மாடியறை ஒன்று காலியாகிறது. நீயும் விண்ணப்பிக்கலாம் என்று ஃபிலிப்பா சொன்னாள். அறை யாருக்கு என்று முடிவெடுக்கும்போது, உன் அம்மா என்பதால் நான் எழுந்து வெளியே போய்விடுவேன், அதுதான் முறை. அறை கிடைத்தால், காரணமில்லாமல் யாரும் உன்னை எழுப்பி அனுப்ப முடியாது.

உன் பெயரைக் கொடுக்கட்டுமா? வெள்ளிக்கிழமைக்குள் பதில் எழுது.

உன் அம்மா