துணை ஆயா

18.11.2007, ஞாயிறு

பூசை முடிவில் அறிவித்தார்கள். எங்கள் பங்குச் சாமியார் சவரிராயலு, துணை ஆயர் ஆகிறார். கோவிலே கைதட்டியது. அவர் மட்டும், மார்க்கைச் சத்தமாக வாசித்துவிட்டார்களே என்று கூசும் பையனைப் போல நின்றார்.

அம்மா இதைக் கேட்கவில்லை. பங்குப் பள்ளியில் ஆயா வேலை அவளுக்கு; ஊருக்கே சின்னம்மா. கோவிலிலும் அதை விடுவதில்லை. யார் வீட்டுப் பிள்ளை அழுதாலும் வாங்கிக்கொண்டு வெளியே போய்விடுவாள். சாமியின் பிரசங்கத்தை ஒரு நாளும் முழுதாகக் கேட்டதில்லை.

வேப்பமரத்தடிக்கு ஓடிப் போய்ச் சொன்னேன்.

“துணைன்னா என்னாடி?”

“பேராயருக்கு உதவியா இருக்கறது.”

“அப்ப வேலை ஜாஸ்தி” என்றாள்.

23.1.2008

கடலூரில் திருநிலைப்பாடு, சாமியை ஆயராக்கும் சடங்கு. சாமி பீடத்தின் முன் குப்புறப் படுத்து வணங்கினார். புது ஷூவின் அடியில் விலைச் சீட்டு! பார்த்தது நான் மட்டும்தானா?

அம்மா பாதியிலேயே வெளியே. செம்மங்குப்பத்துக் குழந்தை ஒன்று அழுதது.

27.1.2008

அடுத்த ஞாயிறு ஆயர் எங்கள் கீரப்பாளையம் வருகிறார். வரவேற்புரை நான்! அம்மாவும் அவருக்குப் பொன்னாடை போர்த்த வேண்டும் என்று எனக்கு ஆசை. பங்குப் பேரவைத் தலைவர் தைரியநாதன் மாமாவிடம் கேட்டேன்.

“ஆயாவா? பெரிய மனுசங்களுக்கே எடம் பத்தல, வெண்மதி.”

“எனக்கு எதுக்குடி அதெல்லாம்” என்கிறாள் அம்மா. ஆனால் மெரூன் புடவையை எடுத்து வெயிலில் போட்டிருக்கிறாள்.

2.2.2008

பேனர் வந்தது. ஐயோ. ‘துணை ஆயா சவரிராயலு அவர்களே, வருக!’

மாமா எழுதிக் கொடுத்த ‘ர்’ கடைக்காரர் கண்ணுக்குத் துணைக்காலாகத் தெரிந்திருக்கிறது. மாமா சிதம்பரத்துக்குப் போன் போட்டுக் கத்தினார். கடைக்கார சபரீஷ் அண்ணன், “பிஷப்புன்னு சொல்லியிருந்தா புரிஞ்சிருக்கும் சார். போட்டோவுல ஆயாவுக்குத் தாடி இருக்கேன்னு எனக்கே டவுட்டுதான்” என்றாராம்.

மாற்ற நேரமில்லை. அந்தச் சொல்லின் மேல் மாவிலைத் தோரணம் கட்டிவிட்டோம்.

3.2.2008

எழுதக் கை ஓடவில்லை, இன்னும் சிரிப்பு. ஆயர் காரை விட்டு இறங்கினார், காற்று வந்தது, தோரணம் பறந்தது. நிதானமாகப் படித்தார். மாமா முகம் வெளுத்துவிட்டது.

“துணை ஆயா வந்தாச்சு. மெயின் ஆயா எங்க?” என்றார் ஆயர்.

எல்லோரும் வேப்பமரத்தைப் பார்த்தோம். அம்மா, இடுப்பில் யாருடைய பிள்ளையோ.

“கூப்புடுங்க. சின்னம்மாதான் மொதல்ல. நான் அவுங்களுக்குத் துணைதான?”

மாமாவே பொன்னாடையை நீட்டினார். அம்மா ஒற்றைக் கையால் போர்த்தினாள். பிள்ளை ஆயரின் சிலுவைச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. வரவேற்புரையில் ஒரு பக்கத்தையே விட்டுவிட்டேன். யாரும் கவனிக்கவில்லை.

9.12.2008

“எப்ப முழு ஆயராவாரு?” மாமா இன்றும் கேட்டார். துணை ஆயரோ குமராட்சிப் பக்கம் வெள்ளத்தில் அரிசி ஏற்றிக்கொண்டு அலைகிறார்.

31.5.2009, ஞாயிறு

இன்று எனக்கு உறுதிபூசுதல்; ஆயர் கையால் நெற்றியில் எண்ணெய் பூசும் சடங்கு. துணை ஆயர்தான் வந்தார். பிரசங்கம் தொடங்கியதும் ஒரு குழந்தை வீறிட்டது. அம்மா வாங்கிக்கொண்டு எழுந்தாள்.

“சின்னம்மா, உக்காருங்க. புள்ளய இங்க குடுங்க.”

இறங்கி வந்து, தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே நடந்து நடந்து பேசினார். அது தூங்கிவிட்டது. அம்மா முன்வரிசையில், மெரூன் புடவையில், கடைசி வரை உட்கார்ந்திருந்தாள்.

திரும்பும்போது, “எப்புடிம்மா இருந்துச்சு பிரசங்கம்?” என்று கேட்டேன்.

“நல்லாத்தான் பேசுறாரு. கொஞ்சம் நீளம்.”