பழுப்பாக இருக்கும்வரை

நிழல்விரிப்பு நிலையம் 4
மே 11, காலை

பதிவு எழுதுவது மெரீட்டா மோத்தா, பராமரிப்பு. ஊர் தூத்துக்குடி. நிலையத்தில் ஆள் நான் ஒருத்திதான். சூரியனுக்கும் பூமிக்கும் நடுவே விரித்த விரிப்பில் கிழிசல் இல்லை. பூமிக்கு நிழல் சரியாக விழுகிறது. அறை 29 டிகிரி. என் தோல் பழுப்பு. தொட்டிப் பவளமும் பழுப்பு.

இதை யார் எடுத்துப் படிப்பீர்களோ தெரியாது, விளக்கிவிடுகிறேன். என் தோலுக்குள் பாசி வாழ்கிறது. மன்னார் வளைகுடாப் பவளத்திலிருந்து எடுத்து ஏற்றியது. வெயில் பட்டால் அது சர்க்கரை செய்யும். எனக்கு முக்கால் சாப்பாடு அதுதான், மீதிக்கு உலர்சோறு. பவளமும் இப்படித்தான் பிழைக்கிறது. அதனால் கைப்பிடி அளவு பவளத்தைத் தொட்டியில் கொடுத்தனுப்பியிருக்கிறார்கள். எனக்கு வரப்போவது அதற்கு முதலில் வரும்.

மே 19, காலை

சூட்டை வெளியேற்றும் பம்பு இரண்டில் ஒன்று நின்றுவிட்டது. மாற்று இல்லை. அறை 31. தரைக் கட்டுப்பாட்டில் இருப்பவன் அன்டன் மச்சாது, எங்கள் ஊர்க்காரன்.

"ரெண்டு டிகிரிதானக்கா? ஃபேனப் போட்டுட்டு இருங்க. அடுத்த கப்பல்ல பம்பும் சோறும் வந்துரும்."

கடல் சூடானபோதும் இப்படித்தான் சொன்னார்கள். ஃபேனைப் போட்டேன்.

ஜூன் 2, மதியம்

பவளம் ஊதாவாகிவிட்டது. ஓரங்களில் நீலம் மினுங்குகிறது. பார்க்க அத்தனை அழகு, அதுதான் கெட்ட சேதி.

இங்கே வருமுன் வளைகுடாவில் பவளம் நடுவது என் வேலை. சூடு ஏறினால் பாசி சர்க்கரையோடு நஞ்சையும் கசியவிடும். பவளம் பாசியைத் துப்ப ஆரம்பிக்கும். மிச்சத்தைக் காப்பாற்ற, வெயில் மறைக்கும் நிறத்தைச் சுரக்கும். சுற்றுலாப் படகுக்காரர்கள் சரியாக அப்போதுதான் கூட்டத்தை ஏற்றி வருவார்கள்.

ஜூன் 9, மாலை

காலையில் தோள் ஊதா. இப்போது முகமும்.

தினசரி உடல்நலப் படத்தை அனுப்பினேன். மதிப்பெண் போடுவது எந்திரம். பழுப்பாக இருந்த நாளெல்லாம் 70 தந்தது. இன்று 98. பளிச்சென்று இருந்தால் நலம் என்று எந்தப் புண்ணியவானோ அதற்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறான்.

தங்கை ஜொவிற்றா குரல் அனுப்பியிருந்தாள். "ஏக்கா, என்னக்கா இது! பனிமய மாதா தேரு மாதிரி மின்னுதியே! ஊரே ஒன் படத்தப் பாத்துட்டிருக்கு. கண்ணு பட்டுரும், சுத்திப் போடக்கூட அங்க ஆளில்லையே!"

மூன்று முறை போட்டுக் கேட்டேன். சந்தோஷமாக இருந்தது, மறைப்பானேன்.

ஜூன் 13, காலை

மச்சாது: "அக்கா, கோச்சுக்கிடாதீங்க. ஏழாம் நிலையத்துக்கு மார்க் 61. கப்பல் அங்கதான் போவுது. மார்க் கொறஞ்ச எடத்துக்குத்தான் மொதல்ல அனுப்புதாங்க, ஏங் கையில ஒண்ணுமில்ல."

நான்: "லேய், பட்டினி கெடந்துதாம்ல மின்னுதேன். பவளத்தப் பாரு. கப்பல இங்க திருப்பு."

"தொண்ணூத்தெட்டு வாங்கிட்டு இப்பிடிப் பேசுனா மேல இருக்கவங்க எப்பிடிக்கா நம்புவாங்க?"

ஏழில் இருப்பவன் நல்ல பழுப்பு. மகராசனாக இருக்கட்டும். காப்பித்தூளைக் குழைத்துப் பூசிக்கொண்டு படம் எடுக்கலாமா என்று யோசித்தேன். காப்பித்தூள் தீர்ந்து ஒரு வாரம் ஆகிறது.

ஜூன் 20

பவளம் வெள்ளை. படம் அனுப்பினேன். மச்சாது: "அது செத்துட்டுக்கா. தூக்கிப் போட்டுட்டு தொட்டிக் கரண்ட மிச்சம் புடிங்க."

சாகவில்லை. உருப்பெருக்கியில் பார்த்தேன். உடம்பு கண்ணாடிபோல் ஆகி, அடியில் எலும்பு தெரிகிறது. குட்டிக் குட்டி வாய்களெல்லாம் திறந்திருக்கின்றன. பசி.

எனக்கும்தான். உலர்சோறு நாளுக்கு அரைக் கோப்பை.

ஜூன் 24

கழுத்தில் வெளுக்க ஆரம்பித்து மதியத்துக்குள் உடம்பெல்லாம் வெளுத்தது. துடைத்த துணியில் பழுப்பு. என் உடம்பே பாசியை நஞ்சென்று துரத்துகிறது. இத்தனை நாள் சோறு போட்டது யாரென்று உடம்புக்கு யார் சொல்வது. துணியைத் தூக்கிப்போட மனமில்லை. உப்புநீரில் நனைத்து வைத்தேன்.

படம் அனுப்பினேன். மதிப்பெண் 4.

மச்சாது: "அக்கா... கப்பல் ஏழுக்குப் போய்ச் சேந்துட்டு. அங்கேருந்து ஒங்ககிட்ட வர அஞ்சு வாரம் ஆவும். கேக்குதாக்கா? மன்னிச்சிருங்கக்கா."

கேட்கிறது. கோபம் வர வேண்டும், வரவில்லை. அழுகையும் இல்லை. காலை மடக்கி உட்கார்ந்து மரத்துப்போனது மாதிரி இருக்கிறது, முழுக்க.

ஜூன் 28

சோறு தீர்ந்தது. மருந்துப் பெட்டியைப் பிரித்து அதன் குளிரூட்டியை எடுத்தேன். உள்ளங்கை அகலம். எனக்குக் காணாது. தொட்டிக்குக் காணும். தண்ணீர் 29க்கு இறங்கியது.

துணியைத் தொட்டியில் பிழிந்தேன். உருப்பெருக்கியில் சில பாசிப் புள்ளிகள் நீந்தின. எல்லாமே செத்துவிடவில்லை. விட்டுவிட்டுப் படுத்தேன்.

ஜொவிற்றா குரல் வந்திருக்கிறது. இன்னும் திறக்கவில்லை.

ஜூலை. தேதி தெரியவில்லை

எழுந்து உட்கார முடிந்தது. பவளத்தின் நுனியில் ஒரு பொட்டு. மிளகளவு. பழுப்பு. என்னுடையதுதான் அது, என்னிடமிருந்து போனது. அங்கே ஒட்டிக்கொண்டது. அழுதேன். எத்தனை நாள் கழித்து.

ஜொவிற்றாவின் குரலைத் திறந்தேன். "ஏக்கா, புதுப் படம் ஒண்ணு அனுப்பேன். எல்லாரும் கேக்காவ."

அனுப்பவில்லை.

பிறகு

வருகிறவர்களுக்கு. என்னைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள், வெள்ளையாக இருப்பேன். தொட்டியை ஊருக்கு எடுத்துப் போங்கள். ஜொவிற்றாவிடம் கொடுங்கள். 29ஐத் தாண்ட விடாதீர்கள். யார் எத்தனை மார்க் போட்டாலும் கேட்காதீர்கள். பழுப்பாக இருந்தால் சும்மா விட்டுவிடுங்கள். அழகாகத் தெரிந்தால் உடனே ஓடி