போன வாரம் போட்ட பதிலை நம்பாதே

முதலியார்பேட்டை, புதுச்சேரி
14-9-1960, புதன்கிழமை

அன்பு மகள் சந்திரகலாவுக்கு அம்மா மணியம்மாள் ஆசீர்வாதம் செய்து எழுதுவது. கடவுள் புண்ணியத்தில் இங்கே நானும் உன் அப்பாவும் நடமாட்டமாக இருக்கிறோம். பிலாயில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சுகமாக இருக்கிறீர்கள் என்று எழுதியிருந்தாய். உன் கடிதத்தில் அந்த ஒரு வரியை மட்டும் நான் நம்பவில்லை, அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். எழுத்தைப் பார்த்ததுமே உனக்குத் தெரிந்திருக்கும், எப்போதும் போல நான் சொல்லச் சொல்ல அப்பா எழுதினது இல்லை இது. மூன்றாம் வகுப்போடு நின்ற கை, கோணலாகத்தான் வரும், பொறுமையாக எழுத்துக்கூட்டிப் படி, பாதியில் நிறுத்தாதே.

அப்பாவுக்கு முந்தாநாள் திங்கட்கிழமைதான் மாவுக்கட்டைப் பிரித்துவிட்டார்கள், கம்பு ஊன்றிக்கொண்டு தெருமுனை வரைக்கும் போய் வருகிறார், கஞ்சி வைக்கவும் கற்றுக்கொண்டார். எதிர்வீட்டு அஞ்சலாட்சி குழந்தைக்கென்று பழைய வேட்டியைக் கிழித்து எட்டுத் துணி ஓரம் அடித்துக் கொடுத்திருக்கிறாள். ஏழாம் மாதமே உன்னை இங்கே அழைத்துவர இருந்தோம், காலெல்லாம் வீக்கமாக இருக்கிறது ரயில் ஏறக்கூடாது என்று அங்கே டாக்டர் சொல்லிவிட்டார், சரி நான் வருகிறேன் என்று பெட்டி கட்டின வாரம் அப்பா மில் படியில் வழுக்கி விழுந்தார். எல்லாமாகச் சேர்ந்து உன்னைப் பேச்சு புரியாத ஊரில் ஒற்றையாகப் பிள்ளை பெற வைத்துவிட்டது. இன்றோடு நாற்பத்தொரு நாள் ஆகிறது, பேத்தி முகத்தை நான் இன்னும் பார்க்கவில்லை.

உன் கடிதத்தில் நீ மூன்று விஷயம் எழுதியிருந்தாய். தூக்கமே வரவில்லை அம்மா என்று எழுதியிருந்தாய். குழந்தை தூங்கும்போதும் அது அழுகிற சத்தம் காதில் கேட்கிறது என்றாய். இது யாரோ என்னிடம் கொடுத்து வைத்துவிட்டுப் போன குழந்தை மாதிரி இருக்கிறது, எப்போது வந்து வாங்கிக்கொள்வார்கள் என்று வாசலையே பார்க்கிறேன் என்றாய். அப்பா படித்துக் காட்டினபோது நான் அடுப்பில் இருந்தேன். புள்ள பெத்தவளுக்கு ஏது தூக்கம், எல்லாருக்கும் அப்படித்தான், பூண்டைப் பாலில் வேக வைத்துக் குடிக்கச் சொல்லி எழுதுங்கள் என்று திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னேன். அவரும் அப்படியே எழுதிப் போட்டுவிட்டார். அந்தக் கடிதம் உன் கைக்கு வந்திருந்தால் கிழித்துப் போடு சந்திரா, அதில் இருக்கிற பதில் தப்பான பதில். அதே வார்த்தையை இருபத்துமூன்று வருஷத்துக்கு முன்னால் இன்னொருத்திக்குச் சொன்னேன், அவள் இப்போது இல்லை.

அவள் பெயர் சின்னப்பொண்ணு. அப்போது நாங்கள் நோணாங்குப்பத்தில் இருந்தோம், எனக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம், அவள் வீடு எங்களுக்கு இரண்டு வீடு தள்ளி. என்னைவிட ஒரு வயது சின்னவள், சிரித்தால் தெருவுக்கே கேட்கும். ஆண் பிள்ளை பெற்றாள். ஒரு மாதம் கழித்துக் கிணற்றடியில் என் பக்கத்தில் வந்து நின்று, யக்கா எனக்குத் தூக்கமே வரலக்கா, எதுனா ஆயிடுச்சா எனக்கு என்று கேட்டாள். தலை வாராமல் வந்திருந்தாள், அவள் அப்படி வருகிறவளே இல்லை. புள்ள பெத்தவளுக்கு ஏதுடி தூக்கம் என்று சொல்லிவிட்டுக் குடத்தை எடுத்துக்கொண்டு நான் போய்விட்டேன். மூன்றாம் நாள் அவளைச் சுண்ணாம்பாற்றில் இருந்து எடுத்தார்கள். கால் வழுக்கிவிட்டது என்றார்கள் சிலபேர், ஆற்றில் ஏதோ இழுத்துக்கொண்டது என்றார்கள் சிலபேர். அவள் கேட்டதை நான் யாரிடமும் சொல்லவில்லை, உன் அப்பாவிடம்கூட.

மறு வருஷம் நீ பிறந்தாய். எனக்கு அம்மா இல்லை, மாமியாரும் இல்லை, வீட்டில் வேறு பெண்பிள்ளை கிடையாது, அப்பா விடிவதற்கு முன்னாலேயே மில்லுக்கு நடந்துவிடுவார். எட்டாம் நாளில் இருந்து எனக்குத் தூக்கம் போய்விட்டது. உடம்பு அசந்து கிடக்கும், கண் மட்டும் மூடாது. நீ தூளியில் நன்றாகத் தூங்குவாய், அழுகுரல் கேட்டு ஓடிப்போய்ப் பார்ப்பேன், அப்போதும் தூங்கிக்கொண்டிருப்பாய். சோறு மண் மாதிரி இருந்தது. சொல்லத் தெரியவில்லை, சொன்னால் என்ன பதில் வரும் என்று எனக்குத்தான் நன்றாகத் தெரியுமே, அந்தப் பதிலைச் சொன்னவளே நான்தானே.

அக்கம்பக்கத்தில் சின்னப்பொண்ணுதான் என்னைப் பிடித்துக்கொண்டாள் என்று பேச்சு கிளம்பியது. அப்பா பயந்துபோய்த் தவளக்குப்பத்தில் இருந்து பூசாரியைக் கூட்டிவந்தார், அவரைக் குறை சொல்லாதே, அவருக்கு அப்போது இருபத்துமூன்று வயது, யாரைக் கேட்பதென்று அவருக்கும் தெரியாது. வேப்பிலையை விளாறோடு ஒடித்துவந்து அடித்து, நீ யாரு சொல்லு, நீ யாரு சொல்லு என்று கேட்டார்கள். நான் மணியம்மாள் என்றுதான் முதலில் சொன்னேன். அடி நிற்கவில்லை. கடைசியில் நான் சின்னப்பொண்ணு என்று சொன்னேன். உடனே நிறுத்திவிட்டார்கள். கூட்டத்தில் அவளைப் பெற்றவள் நின்றுகொண்டிருந்தாள், பேரப்பிள்ளை அவள் இடுப்பில் இருந்தது. செத்தும் எம்பொண்ணு அடங்கலியா என்று சொல்லித் தலையில் அடித்துக்கொண்டு போனாள். சந்திரா, உயிரோடு இருந்தபோது அவள் கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை, செத்த பிறகு அவள் பெயரைப் பேயாக்கிவிட்டேன்.

அதற்குப் பிறகுதான் நிஜமாகவே அவள் குரல் எனக்குக் கேட்க ஆரம்பித்தது. பயமுறுத்துகிற குரல் இல்லை. கிணற்றடியில் பேசின அதே குரலில், யக்கா, இங்க வந்தாத் தூக்கம் வருதுக்கா என்று ஆற்றுப்பக்கம் இருந்து கூப்பிடுவாள். ஒருநாள் உச்சி வெயிலில் உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு அந்தக் குரலுக்குப் பின்னாலேயே நடந்தேன். உனக்குக் கெடுதல் செய்யப் போகிறேன் என்று அப்போது தோன்றவே இல்லை, உன்னையும் தூங்க வைக்கப் போகிறேன் என்றுதான் தோன்றியது. அதுதான் அந்த நோயின் பொல்லாத்தனம், தப்பைத் தப்பு மாதிரியே காட்டாது. தண்ணீர் இடுப்புக்கு வந்துவிட்டது. உன் கால் நனைந்து நீ வீலென்று அழுதாய், அந்த அழுகைகூட எங்கோ தூரத்தில் யாரோ அழுவது போல இருந்தது.

அங்கே எங்கள் ஊர் கொளஞ்சியக்கா இடுப்பில் மீன் போடுகிற பறிக்கூடையைக் கட்டிக்கொண்டு சேற்றில் கையால் இறால் தடவிக்கொண்டிருந்தாள். அவள் கத்தவில்லை, ஓடியும் வரவில்லை. மெதுவாகத் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு பக்கத்தில் வந்து, என்னாம்மா புள்ளயக் குளுப்பாட்டவா வந்த, எங்கிட்டக் குடு நான் புடிச்சிக்கறேன் என்று கையை நீட்டினாள். கொடுத்துவிட்டேன். ஒரு கையில் உன்னை அணைத்துக்கொண்டு இன்னொரு கையால் என் மணிக்கட்டைப் பிடித்தவள் கரை ஏறும்வரை விடவில்லை. பிறகு, எத்தினி நாளாத் தூங்கல நீ என்று கேட்டாள். அதுவரைக்கும் அந்தக் கேள்வியை என்னிடம் ஒருத்தரும் கேட்கவில்லை. நான் அப்படியே மண்ணில் உட்கார்ந்து அழுதேன். சாயங்காலம் அப்பா வந்ததும், பேயி பூட்டுதுன்னு சொன்னாங்களே, அப்புறம் ஏன் இவ கண்ணு மூடல, டவுனு ஆஸ்பத்திரிக்கு வண்டி கட்டுய்யா என்றாள். ஆற்றில் நடந்ததை ஊரில் ஒருத்தருக்கும் அவள் சொல்லவில்லை, இன்றுவரை.

ஆஸ்பத்திரியில் இருபத்தாறு நாள் இருந்தேன். மருந்து கொடுத்து முதலில் ஒன்றரை நாள் தூங்க வைத்தார்கள். எழுந்ததும் வெள்ளைக்கார மாசேர் ஒருத்தர், அந்தக் கன்னியாஸ்திரி அம்மா, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து தெரிந்த தமிழில் சொன்னார். இது பேய் இல்லை மணி, நீ செய்த பாவமும் இல்லை, காய்ச்சல் வருகிற மாதிரி இது தலைக்குள் வருகிற காய்ச்சல், மருந்து உண்டு, போய்விடும் என்றார். போயிற்று. ஆனால் ஒரே நாளில் போகவில்லை, ஐந்து மாதம் ஆனது. அதுவரை கொளஞ்சியக்காவின் மகள் தன் பிள்ளையோடு சேர்த்து உனக்கும் பால் கொடுத்தாள். ஒருநாள் என் மடியில் கிடந்தபடி நீ தும்மினாய், இத்தனூண்டு மூக்கில் அவ்வளவு பெரிய தும்மல், எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் சிரித்ததைப் பார்த்து நீயும் சிரித்தாய். அன்றைக்குத்தான் நீ எனக்குப் பிள்ளை ஆனாய். அது இப்போதே நடக்கவில்லையே என்று உன்னை நீயே திட்டிக்கொள்ளாதே, உனக்கும் அந்த நாள் வரும்.

எனக்கு ஏன் தம்பி தங்கச்சி இல்லை என்று சின்ன வயதில் ஓயாமல் கேட்பாய். இதுதான் காரணம், மறுபடி அந்த ஆற்றுக்குள் இறங்கிவிடுவேனோ என்ற பயம். ஊரை விட்டே முதலியார்பேட்டைக்கு வந்தோம், நானும் மில்லில் நூல் சுற்றப் போனேன். அந்த இரைச்சல் எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் சாப்பாட்டு நேரத்தில் எந்திரமெல்லாம் ஒரே நேரத்தில் நிற்கும் பார், காது விண்ணென்று இருக்கும், அந்தச் சத்தமில்லாத இடத்தில் அவள் குரல் வரும். எனக்குத் தூக்கமே வரலக்கா. இத்தனை வருஷமும் வந்துகொண்டுதான் இருக்கிறது. போன வெள்ளிக்கிழமை எந்திரம் நின்றபோது அதே வார்த்தை கேட்டது, ஆனால் குரல் உன்னுடையது. கையில் இருந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், ஆற்றில் நடந்ததையும் கிணற்றடியில் நடந்ததையும். உடனே அவர் கம்பை எடுத்துக்கொண்டு, கட்டுப் பிரிக்காத காலோடு, தபாலாபீசுக்குப் போய் மாப்பிள்ளைக்குத் தந்தி கொடுத்தார், சந்திரகலாவை ஒரு நிமிஷம்கூடத் தனியாக விடவேண்டாம், டாக்டரிடம் அழைத்துப்போங்கள், தாயார் வருகிறாள் என்று. அந்தத் தந்திக்கு அர்த்தம் என்ன என்று நீங்கள் இருவரும் குழம்பியிருப்பீர்கள், இதுதான் அர்த்தம். ஞாயிற்றுக்கிழமை அரியாங்குப்பம் வழியாக நோணாங்குப்பத்துக்கு பஸ் ஏறிப்போய்க் கொளஞ்சியக்காவைப் பார்த்தேன். தலை முழுக்க நரைத்துவிட்டது, கண் மங்கல். உன் கடிதத்தில் இருந்ததைச் சொன்னதும், கடுதாசி போட்டுட்டு குந்திக்கினு இருக்காத, நேராப் போயி புள்ளயக் கையில வாங்கு, அவளத் தூங்கச் சொல்லு என்றாள். திரும்பி வரும்போது சின்னப்பொண்ணைப் பெற்றவள் வீட்டு வாசலிலும் நின்றேன். அவள் போய்ச் சேர்ந்து நாலு வருஷம் ஆகிறதாம். பூட்டின கதவைப் பார்த்துச் சொல்லவேண்டியதைச் சொல்லிவிட்டு வந்தேன்.

மில்லில் ஒரு மாத லீவு கேட்டதற்கு மேஸ்திரி ராஜாங்கம், உன் பெயரை அடித்துவிடுவேன் என்றார், அடித்துக்கொள்ளுங்கள் என்று வந்துவிட்டேன். இன்னொன்றும் செய்தேன். வெள்ளிக்கிழமையில் இருந்து எனக்கும் தூக்கம் இல்லை. ஒன்றுமில்லை என்று இருந்துவிடலாமா என்று பார்த்தேன், பிறகு நேற்று ஆஸ்பத்திரி வரிசையில் போய் நின்று, ஐயா எனக்குத் தூக்கம் வரவில்லை, முன்னால் ஒருதரம் புத்தி பேதலித்தது என்று வாய்விட்டுச் சொன்னேன். டாக்டர் சிரிக்கவில்லை, ரத்தம் குறைவு என்று மருந்து கொடுத்தார், தூங்க மாத்திரை கொடுத்தார். ராத்திரி தூங்கினேன். எனக்காக நானே அந்த வரிசையில் நின்றது இதுதான் முதல் தடவை. உன்னைப் பார்த்துக்கொள்ள வருகிறவள் முதலில் தன் காலில் நிற்கவேண்டும் இல்லையா.

நான் வருகிற வரைக்கும் நீ செய்யவேண்டியதைச் சொல்கிறேன். டாக்டரிடம் எனக்கு எழுதின மூன்றையும் அப்படியே சொல், ஒன்றைக்கூட மறைக்காதே, குரல் ஏதாவது கேட்டால் அதையும் சொல். பக்கத்து வீட்டு அம்மாள் குழந்தையைக் கேட்டால் கொடுத்துவிட்டுப் படு, பாஷை தெரியாவிட்டால் என்ன, கையை நீட்டினால் எல்லோருக்கும் புரியும். குழந்தைக்குக் கொடுப்பதற்கு முன்னால் நீ ஒரு வாய் சாப்பிடு. தாய்ப்பால்தான் கொடுக்கவேண்டும் என்று உயிரை விடாதே, நீ பிறத்தியார் பால் குடித்து வளர்ந்தவள்தான். இந்தக் கடிதத்தை மாப்பிள்ளையிடம் கொடு, முழுக்கப் படிக்கட்டும், எனக்கு இதில் வெட்கம் இல்லை.

வருகிற ஞாயிற்றுக்கிழமை விழுப்புரத்தில் ரயில் ஏறுகிறேன், மதராசில் மாறி, நாக்பூரில் மாறி, புதன்கிழமை துர்க் ஸ்டேஷனில் இறங்குவேன், மாப்பிள்ளை வந்தால் போதும், நீ அலையவேண்டாம். இதையெல்லாம் நேரில் சொல்ல எனக்கு வாய் வராது, அதனால்தான் எனக்கு முன்னால் இது வந்து சேரட்டும் என்று எழுதுகிறேன். தண்ணீருக்குள் உன்னைத் தூக்கிக்கொண்டு போனவள் நான் என்று இப்போது உனக்குத் தெரியும். கோபம் வரலாம், என் கையில் குழந்தையைக் கொடுக்கப் பயமாகக்கூட இருக்கலாம், அதற்கு நான் ஒரு வார்த்தை சொல்லமாட்டேன். குழந்தையை மாப்பிள்ளையிடமே வைத்துக்கொள், நான் உன் தலைமாட்டில் உட்கார்ந்துகொள்கிறேன், நீ தூங்கு.

எல்லாச் சாமியும் உன்னையும் குழந்தையையும் காப்பாற்றட்டும். மாப்பிள்ளைக்கு எங்கள் ஆசி. டாக்டரிடம் போக மறக்காதே, நாளைக்கு என்று தள்ளாதே, படித்து முடித்ததும் கிளம்பு.

உன்னைப் பெற்றவள்,
க. மணியம்மாள்