பட்டப்பகலில் எரிந்த பல்பு

அக்டோபர் 28

என் அருமை நாத்தனாருக்கு,

அண்ணி எழுதுகிறேன். போனில் பேசினால் உன் அண்ணன் காதில் விழும், அதனால்தான் கடிதம். ஆராய்ச்சிக் கூடத்தில் எலிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை உனக்குக் கிடைத்தபோது, "இவ்வளவு படிச்சிட்டு எலி மேய்க்கப் போறியா?" என்று பத்துப் பேர் முன்னால் கேட்டாரே, அன்றோடு நீ வருவதை நிறுத்தினாய். நாலு வருஷம் ஆகிறது. உன் மேல் தப்பில்லை. ஆனாலும் எனக்காவது இரண்டு வரி போட்டிருக்கலாம்.

இப்போது விஷயம் கோழிகள். இருநூறு கோழிக்குத் தினம் நூற்றைம்பது முட்டைக்குக் குறையாது. இன்றைக்குப் பதினேழு. இறகு வேறு கொட்டுகிறது. தீவனத்தை மாற்றிப் பார்த்துவிட்டோம். டாக்டர் வந்து நோயே இல்லை என்கிறார். வரும் பதினைந்தாம் தேதி எல்லாவற்றையும் கறிக்கடைக்கு அனுப்புவதாக உன் அண்ணன் வாக்குக் கொடுத்துவிட்டார். கொடுத்துவிட்டு, சோறு இறங்காமல் உட்கார்ந்திருக்கிறார்.

காலை ஒன்பது மணிக்குக் கூடையோடு போனால் பட்டப்பகலில் அப்போதுதான் பல்பு எரியத் தொடங்குகிறது, முட்டையைத்தான் காணோம். "எதுக்குங்க இது?" என்றால், "கோழிக்கு வெளிச்சம் வேணும், உனக்கு என்ன தெரியும்?" என்று எரிந்து விழுகிறார். உனக்கு ஏதாவது தோன்றுகிறதா?

அந்த ஜன்னல் இல்லாத எலி அறையில் நீ வெயிலையாவது பார்க்கிறாயா?

உன் அண்ணி

நவம்பர் 3

அன்புள்ள அண்ணிக்கு,

கவரின் மேல் உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் அழுதுவிட்டேன். நானும் இரண்டு தடவை எழுதிக் கிழித்துப் போட்டேன். மன்னித்துவிடுங்கள்.

அந்தப் பல்புதான் அண்ணி காரணம். கோழிக்குப் பகலை நீட்டிக் காட்ட, விடிவதற்கு முன் நாலு மணிக்கு எரிந்து ஏழுக்கு அணைய வேண்டியது அது, நான் வந்துபோன நாளிலேயே அப்படித்தான். சுவரில் அதை ஏற்றி அணைக்கும் டைமர் பெட்டி கரண்டில் ஓடுகிறது. கரண்டு போனால் அதுவும் நின்றுவிடும், வந்ததும் விட்ட இடத்திலிருந்து ஓடும். அங்கே அடிக்கடி கரண்டு போகிறதா? போனதெல்லாம் சேர்ந்து அது ஐந்து மணி நேரம் பின்தங்கிவிட்டது.

வெயில் இருக்கும்போது எரியும் பல்பால் கோழிக்கு என்ன பிரயோஜனம்? பகல் குறுகிவிட்டது, முட்டையிடும் காலம் முடிந்தது என்று அவை நினைத்துக்கொண்டன. அதனால்தான் இறகை உதிர்த்து ஓய்வெடுக்கின்றன. என் எலிகளும் இப்படித்தான். இருட்டாக இருக்க வேண்டிய நேரத்தில் யாரோ கதவைத் திறந்து விளக்கைப் போட்டதில், சில நாள் அவை ஓடுகிற நேரமே மாறிப்போனது.

பெட்டியைச் சரியான மணிக்குத் திருப்பி வையுங்கள். ஒரு மாதம் பொறுக்க வேண்டும். தயவுசெய்து அனுப்பிவிடாதீர்கள். நான் சொன்னதாக மட்டும் அண்ணனிடம் சொல்ல வேண்டாம், கேட்க மாட்டார்.

உங்கள் நாத்தனார்

நவம்பர் 8

என் கண்ணே,

நீ சொன்னது அப்படியே சரி. சுவர்க் கடிகாரத்தில் ஒன்பது, பெட்டியில் நாலு! தீவனக் கடைக்காரர் சொன்னார் என்று வாய் கூசாமல் பொய் சொன்னேன். உன் அண்ணனே பெட்டியைச் சரியான மணிக்குத் திருப்பி வைத்தார். அப்புறம் கறிக்கடைக்காரரிடம் ஒரு மாதத் தவணை கேட்டுவிட்டு வந்தார். அதற்கு மேல் கடைக்காரர் பொறுக்க மாட்டாராம்.

வெயிலைப் பற்றிக் கேட்டேனே, பதிலே இல்லையே?

உன் அண்ணி

நவம்பர் 16

அன்புள்ள அண்ணிக்கு,

சொல்ல வெட்கமாக இருந்தது. காலையில் உள்ளே போனால் இருட்டிய பிறகுதான் வெளியே வருவேன். சரியாகத் தூங்கியே வெகு நாளாகிறது. எலிக்கு மணி பார்த்து விளக்குப் போடுகிறவளுக்குத் தன் நிலைமை உறைக்கவில்லை பாருங்கள். உங்கள் கடிதம் வந்த நாளிலிருந்து வேலைக்கு முன் அரை மணி நேரம் வெளியே நடக்கிறேன். இப்போது தூக்கம் வருகிறது. நாலு வருஷத்தில் இதை என்னிடம் கேட்டது நீங்கள் ஒருவர்தான். இந்த நன்றியை எப்படிச் சொல்வேன்?

முட்டை வந்ததா?

உங்கள் நாத்தனார்

டிசம்பர் 12

தங்கச்சிக்கு,

அண்ணன் எழுதுவது. இன்று நூற்றுப் பன்னிரண்டு. உன் அண்ணி மூன்று முறை எண்ணினாள்.

தீவனக் கடைக்காரர் சொன்னதாக அவள் சொன்னபோதே எனக்குத் தெரியும். அவருக்கு அவ்வளவு அறிவு கிடையாது. நம் வீட்டில் அந்த அறிவு ஒருத்திக்குத்தான் உண்டு. அன்றைக்கு நான் பேசியது தப்பு.

நேற்று கறிக்கடைக்குப் போய்க் கோழி கிடையாது என்று சொன்னேன். ஏன் என்று கேட்டார்கள். எலி மேய்க்கிற என் தங்கச்சி காப்பாற்றிவிட்டாள் என்றேன். அங்கேயும் பத்துப் பேர் இருந்தார்கள்.

லீவு போட்டுவிட்டு வா. இங்கே வெயிலுக்குக் குறைவில்லை.

உன் அண்ணன்