மணமகளின் தாய் நிற்கும் இடம்

உவரி

அன்புத் தம்பி ஜேக்கப்புக்கு அக்கா ஞானசௌந்தரி எழுதுவது. மஸ்கட்டில் நீயும் பிள்ளைகளும் மாதாவின் காவலில் நலமாயிருக்க மன்றாடுகிறேன். போனில் பேசினால் அடுத்த அறையில் கேட்கும். அதனால்தான் எழுதுகிறேன்.

என் மகள் வினோலியாவுக்கு நிச்சயம் முடிந்தது. மாப்பிள்ளைக்குத் திசையன்விளை, நல்ல பையன். அவர்கள் வந்து இறங்கியதுமே நாத்தனார் என்னை அடுப்படிக்கு அனுப்பிக் கதவைச் சாத்திவிட்டாள். தாலி இழந்தவள் முதல் முகமாக நிற்கக் கூடாதாம். ஆசி வாங்க மகள் உள்ளே வந்தாள். நெற்றியில் சிலுவை வரையக் கையைத் தூக்கினேன். நாத்தனார் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "இன்னைக்கு வேண்டாம் மதினி" என்றாள். பிள்ளை முகம் செத்துப்போயிற்று.

பங்குச் சாமியாரிடம் போய்ச் சொன்னேன். திருச்சபையில் அப்படி ஒரு சட்டமும் கிடையாது, ஒரே மகனையும் இழந்து அழுத நயீன் ஊர்க் கைம்பெண்ணைப் பார்த்து மனமிரங்கியவர் நம் ஆண்டவர் என்றார். வீட்டுக்கு வந்து என் மாமனார் மத்தியாஸ் மாமாவிடமும் சொன்னார். மாமா தலைகுனிந்து கேட்டுவிட்டு, "பூசை உங்க கையில சாமி, குடும்ப வழக்கம் எங்க கையில" என்று முடித்துவிட்டார்.

மத்தியாஸ் மாமாவை என்னால் வெறுக்க முடியவில்லை, தம்பி. உன் அத்தான் கடலில் தவறிய நாளிலிருந்து, மாமா படகு கரையேறியதும் முதல் பங்கு மீன் எனக்குத்தான் வரும். இறந்தவன் பங்கை அவன் வீட்டுக்குக் கொடுப்பதும் முன்னோர் வழக்கம்தானே. அதில் ஆண்டவரைப் பார்க்கிறேன். கதவைச் சாத்துவதில் எங்கே பார்ப்பது? கேட்டால், வாங்கித் தின்றவள் எதிர்த்துப் பேசுகிறாள் என்பார்கள்.

இப்போது வினோலியா, அம்மா கைபிடித்துப் பீடம்வரை வராவிட்டால் கோயில் படி ஏற மாட்டேன் என்கிறாள். கல்யாணம் நின்றால் என் ராசி என்பார்கள். அவளை அடக்கினால், அந்தக் கதவை நானே சாத்தியது போலாகும். நேற்று, வருகிறேன் என்று அவளுக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன். மாமா காதுக்கு அது போயிருக்க வேண்டும். இன்று படகு கரையேறியது, மீன் வரவில்லை.

நீ மாமாவிடம் பேசு. பெண்ணின் தாய்மாமன் பேச்சுக்கு ஊரில் மதிப்பு உண்டு. அந்த வழக்கமாவது நமக்கு உதவட்டும். மறுத்தால் சண்டை போடாதே, வயதானவர். ஆனால் நீ வந்துவிடு. லீவு இல்லை என்று மட்டும் சொல்லாதே. கோயில் வாசலில் எல்லாரும் திரும்பிப் பார்க்கும்போது, எனக்குப் பின்னால் நம் வீட்டு ஆள் ஒருவராவது நிற்க வேண்டும்.

ஆண்டவர் உன்னைச் சுகமாகக் கொண்டுவந்து சேர்ப்பாராக.

உன் அக்கா
ஞானசௌந்தரி